எழுதியவர் பெயர்

திரை விழுந்தும் நாடகம் பிடிக்காதவர்களின் கேலிச் சீழ்க்கை ஓயவில்லை. மேல்மாடத்திலிருந்து யாரோ எறிந்த ஆரஞ்சுத் தோல் மேடை விளிம்பு விளக்கில் கருகி நாறுகிறது. புது நாடகத்தின் முதல் நாள் ஆட்டம் முடிந்த பிறகுதான் எழுதியவர் பெயரை நடிகர் ஒருவர் வந்து அறிவிப்பது வழக்கம். திரை இழுக்கிற என் பக்கத்தில், நாடகாசிரியன் குர்த்தால் கதாநாயகி லெயோந்தீனின் சால்வை நுனியைப் பிடித்துக் கெஞ்சுகிறான், பார்க்கச் சகிக்கவில்லை. "இன்னிக்கு மட்டும் என் பேரைச் சொல்லிடாத." "நான் உனக்கு எழுதின கடுதாசியெல்லாம் வசனமாக்கி, பாரிஸே கேட்க என் வாயாலேயே பேச வச்சியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" சால்வையை வெடுக்கென்று உருவிக்கொண்டு திரைக்கு வெளியே போகிறாள். கையை உயர்த்துகிறாள். அரங்கு அடங்குகிறது; தோல் பொரிகிற சத்தம்கூடக் கேட்கிறது. "எழுதியவர், அன்செல்ம் குர்த்தால்." சீழ்க்கை வெடிக்கிறது. அது ஓயும்வரை பொறுமையாக நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொல்கிறாள்.