குழாயடி லோக்கல்

மும்பை தாராவிக் குழாயில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். வரிசையில் கடைசிக் குடம் காலியாகத்தான் வீடு திரும்பும். காலையிலேயே முதல் ஆளாகக் குடம் வைத்துவிட்டுப் போன மீனாட்சியம்மாள் வந்து பார்த்தபோது, அது கடைசியில் இருந்தது. முதலில் ஆறுமுகத்தாயின் தகர டின்.

“பிள்ளைக ரயில் விளையாடி மாத்தி வச்சிட்டுதுக, மைனி. அதுகள என்னத்தச் சொல்ல?” என்றாள் ஆறுமுகத்தாய்.

அவள் மகள் பேச்சி ரயில்போலக் கூவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நாளைக்கும் நம்ம டின்னத்தான் எஞ்சினாக்கணுமாம்மா?”

ஆறுமுகத்தாய் மகளின் வாயைப் பொத்தினாள். மீனாட்சியம்மாள் சிரித்தாள்.

“ஏட்டி பேச்சி, லோக்கல் ரயில் கடைசி ஸ்டேஷன் வி.டி.க்குப் போயிட்டா எப்படித் திரும்பும்?”

“கடைசிப் பெட்டி முன்னால போகும், அத்தை.”

“வி.டி. வந்தாச்சு. வண்டியத் திருப்பு.”

பேச்சி உற்சாகமாகக் கூவிக்கொண்டே வரிசையைத் திருப்பி அடுக்கினாள். தண்ணீர் வந்தபோது, கடைசிப் பெட்டியாக நின்றது அம்மாவின் டின்.