நல்லா இருக்கற லேடீஸ்

"வீட்ல லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா சார்?"

போனைக் காது மாற்றிக்கொண்டான்.

"பேஷண்டே லேடீஸ்தாங்க."

"அதில்ல சார். நல்லா இருக்கற லேடீஸ்."

நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் இடமெல்லாம் இதே கேள்விதான். பெண் இல்லாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டார்களாம். ஆண் வேண்டுமானால் உடனே வருவான்.

உள்ளே அத்தை ஈரத்தில் கிடந்தாள். மனைவியைப் பெற்றவள். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இதுவரை துணி மாற்றிவந்த எதிர்வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார்.

காலையில் அவனே போர்வையை விலக்கப் போனான்.

"வேண்டாம் மாப்ளே."

அவன் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவள். அசைகிற கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டாள்.

விடவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்காங்க," என்றான். "என் வைஃப்."

‘இருந்தாங்க’ என்று சொல்ல இப்போதுதான் பழகியிருந்தது நாக்கு.

"அப்பச் சரி சார். ஆளை அனுப்பறேன்."

கூடத்துப் படத்தை இறக்கினான். காய்ந்த மாலை கையோடு உதிர்ந்தது. பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவே படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

கூடத்தைப் பெருக்கினான்.

வந்தவள் பெயர் பிலோமினா. வாசலில் நின்றபடியே வீட்டை ஒருமுறை பார்த்தாள்.

"மேடம் இல்லீங்களா?"

அவன் கண் படம் இருந்த ஆணிக்குப் போனது.

செருப்பைக் கழற்றப் போனவள் நிறுத்தினாள். அவனையே பார்த்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. குழறலாக. அவசரமாக.

"மேகலா மாவு வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

காரியம் முடிந்த நாளிலிருந்து அத்தை அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

செருப்பு கழன்றது.

"என்னம்மா இது, கொளமே வெட்டி வெச்சிருக்கீங்க! சார், நீங்க செத்த வெளிய இருங்க."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அத்தை அழுவதும் கேட்டது. பிலோமினா கூச்சம் என்று நினைத்திருப்பாள். ஏதோ சொல்லிச் சமாதானம் செய்தாள்.

அவன் வாசலுக்கு வந்தான்.

மாவுக்கடை தெருக்கோடியில் இருந்தது.

அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.