சார்பில்லாதவர்

"உங்களுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை டாக்டர் திரும்ப வாங்கிட்டாருங்க," என்று செயலாளர் கோப்பை மூடினார். "இப்பதான் போன் பண்ணினார். உங்களைச் சார்பில்லாதவர்னு இனிமே சொல்ல முடியாதாம். நீங்க உடனே லேபுக்கு வரணுமாம்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் வக்கீலின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பச்சிளங் குழந்தைப் பரிசோதனை ஆலோசனைக் குழுவுக்கு வெளியாள் ஒருவரைத் தலைவராகப் போடப் போகிறார்கள்; அதற்குத்தான் இந்த நேர்காணல். மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்திருந்ததால் வக்கீலுக்கு விஷயமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"குதிகால்ல லேசா குத்தி, நாலு சொட்டு ரத்தத்தை ஒரு அட்டையில எடுக்கிறாங்க. தைராய்டு சுரப்பி வேலை செய்யாத குழந்தைகூட பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சா தினம் ஒரு சின்ன மாத்திரை போதும். விட்டுட்டா மூளை வளர்ச்சியே போச்சு," என்று கோர்ட்டில் வாதாடுகிற தோரணையில் சொல்லி முடித்தார்.

நடுவில் இருந்த அம்மாள் சிரித்தார். "உங்க வீட்லயே கைக்குழந்தையாமே. தூங்க விடறானா?"

"பொறந்து முப்பத்து மூணு நாள் ஆச்சுங்க. தங்கமான பிள்ளை, அழவே மாட்டான். பாலுக்குக்கூட நாங்கதான் எழுப்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் செயலாளரின் போன் அடித்தது.

வக்கீல் எழுந்து வெளியே வந்தார். நடையில் அடுத்த ஆள் காத்திருந்தார், முழங்கால்களுக்கு நடுவே ஈரக் குடையோடு. பார்த்ததும் வக்கீலுக்குச் சுருக்கென்றது. டாக்டரின் பழைய பேராசிரியர்! ஓஹோ, அப்படிப் போகிறதா கதை?

காலையிலிருந்து அணைத்து வைத்திருந்த கைபேசியைத் திறந்தார். டாக்டரிடமிருந்து ஏழு அழைப்புகள். செய்வதையும் செய்துவிட்டுச் சமாதானம் வேறா என்று அதை மறுபடி அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

டாக்ஸி மழையில் ஊர்ந்தது. நடுவில் ஒரு மாதம் சொட்டுக்கூட விழாமல் போக்குக் காட்டிவிட்டு, நேற்று சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. வக்கீலுக்கும் டாக்டருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை, முக்கியமான நாளென்றால் ஒரே நல்ல சட்டை, அதையும் முறை வைத்துப் போட்டுக்கொண்ட சிநேகிதம். "டாக்டருங்க சண்டையில மாட்டாத ஆள் வேணும்டா, நீதான் சரி. சிநேகிதம் கணக்குல வராது, ரத்த உறவும் வழக்கும் இருந்தாத்தான் வம்பு," என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி மனுப் போட வைத்ததே அவன்தான்.

பதினாலு வருஷம் கழித்துப் பையன் பிறந்தபோது கொட்டுகிற மழையில் ஓடி வந்தவனும் அவன்தான். நர்ஸை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தானே குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுத்தான். ரத்தம் உலரும்வரை காத்திருந்து, அட்டை நனையக் கூடாதென்று ரெயின்கோட்டின் உள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். "என் மருமகன்டா இவன். இவன் அட்டை எதுக்கு எல்லார் அட்டையோடவும் வரிசையில நிக்கணும்? நானே பார்த்துக்கறேன்," என்றான். அப்படிப்பட்டவனா இப்படிச் செய்தான்? வக்கீலுக்கு அழுகையே வந்துவிட்டது.

லேபின் கதவைத் தட்டாமலே திறந்தார். டாக்டர் மேஜையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பேயறைந்தது போலிருந்தது முகம்.

"வாடா."

"என்னடா வா? முதுகுல குத்திட்டு உபசாரம் வேறயா? உன் வாத்தியாருக்கு அந்த நாற்காலி வேணும்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, நானே விட்டுக் கொடுத்திருப்பேனே! நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கணுமா?"

"பையன் இன்னும் எழுப்பினாத்தான் பால் குடிக்கிறானா?"

"பேச்சை மாத்தாதே!"

"மாத்தலடா." டாக்டரின் குரல் உடைந்தது. "அவனும் உன் வீட்டுக்காரியும் கீழே குழந்தை டாக்டர்கிட்ட இருக்காங்க. காலைல நான்தான் வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். மாத்திரை ஆரம்பிச்சாச்சு."

என்ன மாத்திரை என்று வக்கீல் கேட்கவில்லை. அதைத்தான் சற்று முன்பு அவரே விளக்கிவிட்டு வந்திருந்தாரே.

"அந்தக் குழுவுக்கு வரப்போற முதல் புகார் உன்னோடது. புகார் கொடுக்கிறவன் தலைவரா உட்கார முடியாதுடா."

"நானா? யார் மேல?"

"என் மேல."

டாக்டர் மேஜைமேல் கிடந்த அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். பழுப்பேறிய நான்கு வட்டங்கள். மேலே வக்கீல் மனைவியின் பெயர், டாக்டரின் கையெழுத்தில். பின்னால் ஆணியில் தொங்கிய ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து மழை வரலேன்னா இந்தக் கோட்டை நான் எடுத்தே இருக்க மாட்டேன்டா."