சுவர் நிறையப் பிள்ளைகள்

கிருஷ்ணர் வேஷம் கட்டியிருந்த பொடியனைத்தான் ஏசுதாஸுக்கு எடுத்ததும் பிடித்துப்போனது. வேதக்கார வீட்டுக் கிழவன்தான். ஆனாலும் அந்தப் புல்லாங்குழலும் மயிலிறகும் ஆளை நகரவிடவில்லை.

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் கண்ணாடி அறைக்கு எதிர்ச் சுவர் முழுக்கப் படங்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒன்று, பட்டுப்பாவாடையில் ஒன்று, தொப்பியும் லத்தியுமாகப் போலீஸ் வேஷத்தில் ஒன்று, மூன்று சக்கர சைக்கிளில் ஒன்று. ஓரத்தில், மூக்கில் குழாயோடு உள்ளங்கை அளவுக்கு ஒன்று.

"ம்மா, இந்தக் கிருஷ்ணரு எத்தினி மாசத்துல பொறந்தது?" என்று நர்ஸ் ஜெசிந்தாவை மறித்தார்.

"உங்க பேரன் மாதிரிதான் தாத்தா, ஆறாம் மாசம்."

"அந்தப் போலீசு?"

"அதுவும்தான். வழி விடுங்க தாத்தா."

அவருடைய மகள் ரூத்துக்கு அன்று காலையில்தான் பிரசவம் ஆகியிருந்தது. அரைக் கிலோவுக்குச் சற்று மேலே ஒரு ஆண் குழந்தை. டாக்டர் சுஷ்மிதா மருமகனையும் மாமனாரையும் உட்காரவைத்து, ஒளிக்காமல்தான் சொன்னார்.

"இந்த எடைல பத்துக் குழந்தை பொறந்தா ரெண்டு பிழைச்சாலே பெரிசு. பிழைச்சாலும் கண்ணு, மூளை எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. மெஷின்ல போட்டுப் போராடிப் பார்க்கலாம். இல்லன்னா, வலி தெரியாம பார்த்துக்கிட்டு அம்மா மார்லயே வெச்சிரலாம். ரெண்டும் தப்பில்ல. சீக்கிரம் சொல்லுங்க."

மருமகன் சாம் வெளியே வந்ததும் உடைந்துபோனான். "ரூத்து மடியில குடுத்துடச் சொல்றா மாமா. ஊசி மேல ஊசியா குத்தி அனுப்ப வேணான்றா."

"இன்னா மாப்ள நீ! பத்துல ரெண்டாம். நமக்குப் பத்தா பொறந்துகீது? ஒண்ணுதான பொறந்துகீது?"

"படிச்சவங்க சொல்றாங்க மாமா."

"கைய விரிக்கறதுக்குன்னே படிச்சவங்க. நாளிக்கி ஒண்ணுன்னா 'அப்பவே சொன்னமே'ம்பாங்க. நீ சொவத்தப் பாரு. அவங்க வாய நம்புவியா, உன் கண்ண நம்புவியா?"

ஏசுதாஸ் கோவளத்தில் ஒரு ரிசார்ட் வாசலில் காவல் நிற்பவர். யார் என்ன சொன்னாலும், பையைத் திறந்து பார்க்காமல் உள்ளே விடாத ஆள்.

சாம் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் தெளிந்தது. "அது இன்னா மாமா, அத்தினிக்கும் காது மட்டும் விடைச்சிகினு கீது?"

"கண்ணாடிப் பொட்டியில அடைச்சி வெச்சா காது வேற எங்க போவும்? நம்முளுதும் அப்டித்தான் வரும். முடி வுட்டு மறைச்சிக்கலாம் வுடு."

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். போனை எடுத்துச் சுவரை ஒவ்வொரு படமாகப் பிடித்தான். இருவரும் கீழே ரூத்தின் கட்டிலுக்கு ஓடினார்கள்.

ரூத் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "டாக்டரு வேற மாதிரி சொன்னாங்களே நைனா?"

"அவங்க சொன்னாங்க. இது கண்ணெதிர்ல கீது."

போலீஸ்காரக் குழந்தையிடம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்தாள். "மெஷின்லயே போடச் சொல்லு நைனா" என்றாள்.

மேலே டாக்டர் இன்னொரு தரம் கேட்டார். "நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்கறதுக்கு இன்னா கீது டாக்டரம்மா? அதான் பாத்துட்டமே" என்றார் ஏசுதாஸ். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. குழந்தையின் பாதம் அவருடைய கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதில் ஊசி ஏறவில்லை. அடுத்த பாதத்தில் குத்தினார்கள், அதிலும் இல்லை. பிறகு தலையில் தேடினார்கள். பிளாஸ்திரியைப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. குழந்தை வாயைத் திறந்தது. தொண்டையில் குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை.

சாம் சுவரோரம் போய்க் குந்திவிட்டான். ஏசுதாஸ் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். எவனாவது அடிக்கிறான் என்றால் கையைப் பிடித்து முறுக்கலாம். இங்கே யார் கையைப் பிடிப்பது? போடச் சொன்னதே அவர்தானே.

மேற்கொண்டு பார்க்க மாட்டாமல், படங்களையாவது பார்த்துத் தெம்பு தேடலாம் என்று திரும்பினார்.

சுவருக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். செய்தித்தாளில் சுற்றிய புதுப் படம் ஒன்றைப் பிரித்து, மாட்ட இடமில்லாமல் பழைய படங்களை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிறுமி, புதுக் கவுனில். சாக்லேட் டப்பாவை ஏசுதாஸிடம் நீட்டினாள்.

"பொறந்த நாளா கண்ணு?"

"ஆமா தாத்தா."

"நீயும் இந்தக் கண்ணாடி ரூம்ல கெடந்தவதானா?"

சிறுமி தலையாட்டினாள். ஏசுதாஸுக்கு நெஞ்சில் கொஞ்சம் உயிர் வந்தது. "பாத்தியா மாப்ள, ஆளே வந்து நிக்குது!" என்று கத்திவிட்டு, அவள் பக்கம் குனிந்தார். "இதுல உன் படம் எது கண்ணு? தாத்தாவுக்குக் காட்டு."

எதைக் காட்டுவது என்று விளங்காமல் அவள் சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"எல்லாமே நான்தான் தாத்தா."