மறுதரப்பு

“உங்களுக்கும் எனக்கும் ஏதாவது சொந்தம் உண்டாம்மா?” என்று கேட்டார் இமாமுதீன்.

எதிர் நாற்காலியில் இருந்த ஜைத்தூன் புர்காவின் ஓரத்தை விரலில் சுற்றினாள். “இல்லைங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தூரத்து உறவுன்னாலும் மறைக்கக் கூடாது. எனக்கு வேண்டப்பட்டவங்க வழக்குல நான் நடுவரா உக்கார மாட்டேன். வேற ஆளைத்தான் போடணும்.”

“ஒண்ணும் இல்லைங்க.”

அவர் தலையாட்டி நோட்டைத் திறந்தார். செஞ்சி ஜமாத்தில் கணவன் மனைவி வழக்குகளுக்கு இருபத்திரண்டு வருடம் நடுவராக உட்கார்ந்தவர். தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. அந்நியப் பெண்ணைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பது முறையல்ல என்பதில் அவர் கண்டிப்பானவர். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

மின்விசிறிக் காற்றில் நோட்டின் தாள்கள் படபடத்தன. ஜைத்தூன் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த ரெகுலேட்டரைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“உங்க பக்கம் நடுவர் யாரு? அவர் பக்கம் யாரு?”

“ரெண்டு பேருக்கும் நீங்கதாங்க.”

“அப்படிப் பண்ணக் கூடாதும்மா. ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒருத்தர் இருக்கணும். சரி, அதை ஜமாத்துல பேசி ஏற்பாடு பண்றேன். இப்ப உங்க குறையை மட்டும் எழுதிக்கறேன். யாராவது சொல்லிக்குடுத்து வந்தீங்களா?”

“இல்லைங்க. நானாத்தான் வந்தேன்.”

“சொல்லுங்க.”

அவள் சொல்லத் தொடங்கினாள். “எட்டு மாசமா என் வூட்டுக்காரரு என் பேரைச் சொல்லிக் கூப்டறதில்லைங்க. ஒரே வூட்லதான் இருக்கறோம். ஆனா யாரோ பக்கத்து வூட்டுப் பொம்பள மாதிரி ஒதுங்கிப் போறாரு. சோறு போட்டா ‘ரொம்ப நன்றிம்மா’ன்றாரு. கட்டின பொண்டாட்டிக்கு யாருனா நன்றி சொல்வாங்களா?”

பேனா ஓடியது. “கை நீட்டுவாரா?”

“ஒரு நாளும் ஓங்கினதுகூட இல்ல.”

“குடி?”

“அல்லா மேல ஆணையா இல்ல.”

இமாமுதீன் தயங்கினார். கேட்டுத்தான் ஆக வேண்டிய கேள்வி. “தப்பா நெனைக்காதீங்க. வேற பொம்பளை யாராவது?”

அவள் வாயைத் திறந்தபோது மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்தது.

“காதுல விழலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க.”

பஸ் சத்தம் அடங்கியதும் அவள் மறுபடி சொன்னாள்.

“இருக்குதுங்க. மனசு முழுக்க ஒருத்திதான். தூங்கி எழுந்தா அவளைத்தான் தேடறாரு. நான் எதிர்ல நிக்கறேன், என்னைத் தாண்டி அவளைத் தேடறாரு.”

பேனா நின்றது. இமாமுதீனின் முகம் சிவந்தது. பிறகு எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். “நீங்க சொன்னதுதானா? நான் ஏதாவது சேத்துட்டேனா?”

“இல்லைங்க. அப்படியேதான் இருக்குது.”

“இப்ப இன்னாம்மா வேணும் உங்களுக்கு? பிரிஞ்சுடணுமா?”

“ஐயோ, வேணாங்க!” அவள் பதறிப்போய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எப்படியாவது சேத்து வைங்க. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. அது போதும்.”

அவள் அழுது முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். தண்ணீர்ச் செம்பை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“கேக்கவே மனசு வலிக்குதும்மா. ஆனா ஒரு பக்கம் கேட்டுட்டு நான் எதுவும் சொல்ல முடியாது. அந்த மனுஷனுக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருக்கும். அவரை அழைச்சிக்கினு வாங்க.”

“கூப்ட்டுப் பாத்துட்டேங்க. தினமும் கூப்டறேன். வரல.”

“வருவாரு. மறுபடியும் கூப்பிடுங்க. இவ்ளோ பிரியமா இருக்கறவளை எந்தப் புருஷனும் விட்டுட மாட்டான்.” நோட்டை மூடி அதன்மேல் கை வைத்தார். “நீங்க இங்க சொன்னது என்னோட இருக்கும். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்ல மாட்டேன்.”

ஜைத்தூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அவங்க நல்லா இருக்காங்களா?”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “அவளுக்கென்னம்மா! முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. ஊர்ல எத்தனை வழக்கு பாத்திருப்பேன், எங்களுக்குள்ள ஒண்ணுகூட வந்ததில்ல.” திறந்திருந்த கதவு வழியே தெருவை எட்டிப் பார்த்தார். “கடைக்குப் போனா. காலையிலேர்ந்து பாக்கறேன், இன்னும் வரக் காணோம்.”

உள்ளறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்து ஜைத்தூனின் தோளைத் தொட்டாள்.

“போதும்மா, எழுந்திரு. அத்தாவுக்கு மறதி மாத்திரை குடுக்கணும்.”