இருபத்தேழாம் நம்பர் சட்டை

ஜன்னல் வழியாக விழுகிற மத்தியான வெயில் தையல்காரியின் மடியில் கம்பி கம்பியாகக் கிடக்கிறது. காப்பகத்திலிருந்து இன்று காலைதான் வளர்க்கக் கூட்டிவந்த பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். மொத்தமே நாலு. எல்லாக் கழுத்துப்பட்டையிலும் சிவப்பு நூலில் 27 என்று தைத்திருக்கிறது. அறுபது பிள்ளைகளின் துணியை ஒன்றாகப் போட்டுத் துவைக்கிற இடம். நம்பர் இல்லாவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. அது புரிந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையா, மூட்டையா? பிளேடு முனையை நூலுக்கடியில் விட்டு நறுக் நறுக்கென்று பிரிக்கிறாள். மூன்று சட்டை முடிந்துவிட்டது. நாலாவதில் 7-ஐப் பிரித்ததும் கை நிற்கிறது. நூல் போன இடத்தில் வேறொரு எண்ணின் பழைய ஊசித் துளைகள். 9 மாதிரி தெரிகிறது. "எவளோ போட்டுக் கழிச்ச சட்டையைக் குடுத்து அனுப்பியிருக்காங்க பாரு" என்று முணுமுணுக்கிறாள்.

கதவோரம் நிற்கிற எட்டு வயதுக்காரி இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. "அது என்னோடதுதாம்மா. மொதல்ல நான் ஒம்பது."

"அப்புறம் ஏன் மாத்துனாங்க?"

"போன வீட்டு அம்மாவும் இப்படித்தான் பிரிச்சாங்க. நான் திரும்பிப் போறதுக்குள்ள ஒம்பதை வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க."

பிள்ளை குனிந்து, தரையில் சிதறிய சிவப்புத் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்கிறது. பிறகு தையல்காரியின் மடியிலிருக்கும் சட்டையைப் பார்க்கிறது.

"அந்த ரெண்டை விட்ருங்கம்மா. போறப்போ ஏழு மட்டும் தச்சாப் போதும்."