எலிக்கு ஒரு லட்டு

ஜெசிந்தா வேலை பார்த்த எலிக்கூடத்தில் ஒவ்வோர் ஆண் எலியும் ஒரு நோயாளியின் புராஸ்டேட் புற்றுநோய்த் திசுவைச் சுமந்து, அவருக்குக் கொடுக்கும் மருந்தையே தானும் வாங்கிக்கொண்டது. அந்தத் திசுவில் துத்தநாகம் ஏறினால், நோய் அடங்கிவிட்டதென்று முடிவுகட்டி, கணினி அந்த நோயாளியின் மருந்தை நிறுத்திவிடும்.

லாரி டிரைவர் பன்னீரின் எலி தனியாகக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், அதை ஒரு வாரம் பெண் எலியின் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹார்மோன் பொங்கியது, அதனாலேயே துத்தநாகமும் ஏறியது.

"தப்பு என்னுது சார். அவருக்கு இன்னும் குணமாகல," என்று மேலாளரிடம் அழுதாள்.

"கணினி முடிச்ச கேஸை நம்மளால திறக்க முடியாதும்மா. எலியையும் காலையிலயே கொன்னாச்சு."

குணமாகிவிட்டதென்று வீட்டுக்குப் புறப்பட்ட பன்னீர் லட்டு டப்பாவோடு எலிக்கூடத்தின் வாசலில் வந்து நின்றார்.

"நம்ம ஆளு எங்கம்மா? அவனுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."